மடக்கு சைக்கிள் வாங்கும் முன் காலி சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள்

போன இதழில் ஸ்டேஷனுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக் கிடப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதும்போது, ஃபோல்டிங் சைக்கிள் ஒன்று வாங்கிவிடுங்களேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். நானே நான்கு வருடமாகப் பழவந்தாங்கலில் ஏறி எழும்பூரில் இறங்குவது மடக்கு சைக்கிளோடுதான் என்பதால், இந்த இதழில் பகுதி முழுக்க அதற்கே.

குரோம்பேட்டையில் வீடு. ஸ்டேஷன் ஒன்றரை கிலோமீட்டர். மின்சார ரயிலில் கிண்டி வந்து, அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ். பட்ஜெட் 25 ஆயிரம். 16 இன்ச் வாங்கவா, 20 இன்ச் வாங்கவா? (வாசகர், குரோம்பேட்டை)

சக்கரத்துக்கு அப்புறம் வருவோம், முதலில் எடை. வீட்டில் தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர் இருக்கும். கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் அதன் காலி எடை பொறித்திருக்கும், 15 கிலோவுக்கு முன்னே பின்னே. அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, தோளில் உங்கள் ஆபீஸ் பையையும் சாப்பாட்டு டப்பாவோடு மாட்டிக்கொண்டு, இரண்டு மாடி ஏறி இறங்கிப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் 20 இன்ச் மடக்கு சைக்கிள்கள் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ. அதாவது குரோம்பேட்டையிலும் கிண்டியிலும் நடைமேம்பாலத்தில் நீங்கள் தினமும் தூக்கப்போவது ஏறக்குறைய அந்தச் சிலிண்டரைத்தான், ஆனால் சிலிண்டருக்கு வாகான கைப்பிடி உண்டு, மடக்கிய சைக்கிளுக்குப் பல நேரம் அதுவும் இருக்காது, பெடல் முழங்காலில் இடிக்கும்.

கடைக்காரர் ஓட்டிப் பார்க்கச் சொல்வார். ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மடக்கச் சொல்லி, மடக்கியதைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே பத்து தடவை நடங்கள். ஒரு நாளைக்கு நீங்கள் ஓட்டப்போவது முப்பது நாற்பது நிமிடம், தூக்கப்போவது நான்கு தடவை, ஆனால் மூன்று மாதம் கழித்து அந்த வண்டி ஸ்டேஷனுக்கு வருமா பால்கனியில் துணி காயப்போட நிற்குமா என்பது அந்த நான்கு தடவையில்தான் முடிவாகிறது. எனக்குத் தெரிந்து மடக்கு சைக்கிள் வாங்கி விட்டுவிட்டவர்கள் யாருமே ஓட்டக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி விடவில்லை.

இப்போது சக்கரம். 20 இன்ச், 16 இன்ச் என்று சொல்வதை நம்பி வாங்காதீர்கள், டயரின் பக்கவாட்டில் இன்னொரு எண் இருக்கும், அதைப் படியுங்கள். டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 16 இன்ச் என்பதில் 305, 349 என்று இரண்டு உண்டு, 20 இன்ச்சில் 406, 451 என்று இரண்டு. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. 305-உம் 406-உம் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் பிஎம்எக்ஸ் வகை சைக்கிளுக்கும் வரும் அளவு, அதனால் ட்யூப், டயர் இரண்டும் தெருமுனை சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். 349, 451 என்றால் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும், அதுவரை வண்டி வீட்டில். வால்வையும் பாருங்கள்: பைக், காருக்கு இருக்கும் தடித்த வால்வ் என்றால் எந்தப் பங்கிலும் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம், மெல்லிய பித்தளை வால்வ் என்றால் பத்து இருபது ரூபாய்க்கு ஒரு அடாப்டர் வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

உங்கள் தூரத்துக்கும் பட்ஜெட்டுக்கும் 406 ரிம் உள்ள 20 இன்ச், அலுமினிய சட்டம், எடை 13 கிலோவைத் தாண்டாமல் கிடைத்தால் அதையே எடுங்கள். அந்த விலையில் 13-க்குள் கிடைக்காமல் போகலாம். அப்போது கியரில் விட்டுக்கொடுங்கள், எடையில் விட்டுக்கொடுக்காதீர்கள். சென்னை தட்டையான ஊர், நீங்கள் ஏறும் ஒரே மலை மேம்பாலம், அதையும் தவிர்க்கலாம். கியர் இல்லாத வண்டியில் கம்பி குறைவு, செயினைக் கியர் மாற்றும் கருவி கிடையாது, எடையும் குறைவு, கோளாறும் குறைவு. முன்பக்க ஷாக் அப்சார்பர் வைத்தது, 26 இன்ச் சக்கரத்தோடு நடுவில் மடங்குவது, இதெல்லாம் கார் டிக்கியில் போட்டு ஈசிஆர் போகிறவர்களுக்கு. ரயிலுக்கு ஆகவே ஆகாது.

ரயிலில் ஏறுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். 20 இன்ச் வண்டி மடக்கினால் ஏறக்குறைய 80 செ.மீ நீளம், 65 செ.மீ உயரம், 35 செ.மீ கனம், ஒரு பெரிய சூட்கேஸ் அளவு. காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து நிரம்பி வரும் வண்டியின் நடுப்பெட்டியில் அதைத் திணித்தால் திட்டு வாங்குவீர்கள், திட்டுகிறவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும். கூடையும் மூட்டையும் ஏற்றுகிறவர்களுக்கான வெண்டர் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு வாரம் பார்த்து வைத்துக்கொண்டு அங்கே நில்லுங்கள், அல்லது ஆபீஸில் பேசி அரைமணி நேரம் முன்னால் கிளம்புங்கள். நான் ஏழு நாற்பது வண்டிக்கு மாறினேன், அதற்கப்புறம்தான் இந்தப் பழக்கம் நிலைத்தது. லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று முதல் நாளே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

சின்னச் சக்கரம் என்பதால் நிறைய மிதிக்க வேண்டும் என்கிறார் என் மாமா. உண்மையா? (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

இல்லை. மாமா மிதித்த சைக்கிளையும் மடக்கு சைக்கிளையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரிய 28 இன்ச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். 20 இன்ச் மடக்கு சைக்கிளில் முன்னால் 52 பல், பின்னால் 16 பல் போட்டிருப்பார்கள், அது ஒரு சுற்றுக்கு 5.2 மீட்டர் நகரும். சக்கரம் சிறியதாகிற அளவுக்கு முன் பல்சக்கரத்தைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். கடையில் பார்க்கும்போது முன்னால் 52-க்குப் பதில் 40, 42 பல் போட்டு விலை குறைத்த வண்டி இருந்தால் மட்டும் மாமா சொல்வது நடக்கும், எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய சக்கரம் தாண்டிப் போகிற பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கிவிடும். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய சாலைகளில் இது நன்றாகத் தெரியும். அதனால் ஒன்றே முக்கால் இன்ச்சுக்குக் குறையாத டயர் போடுங்கள், காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். ஹேண்டிலும் கொஞ்சம் துறுதுறுவென்று இருக்கும், ஒரு கையை விட்டு சிக்னல் காட்டுவதற்கு முன்னால் தெருவில் நாலு நாள் பழகிக்கொள்ளுங்கள்.

அண்ணா, திருவான்மியூரில் இருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் போகிறேன். சுடிதார்தான் போடுவேன். லேடீஸ் பெட்டியில் சைக்கிளை வைக்க முடியுமா, உடை அழுக்காகாதா என்பதுதான் என் கவலை. (வாசகி, திருவான்மியூர்)

அழுக்கு பற்றிய கேள்வியை ஆண்களும் கேட்டிருக்க வேண்டும் தங்கச்சி, யாருமே கேட்கவில்லை. மடக்கும்போது செயின் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். நடுவில் மடங்கும் பெரும்பாலான 20 இன்ச் வண்டிகளில் முன் சக்கரம் இடது பக்கமாக மடங்கி வந்து ஒட்டிக்கொள்ளும், செயினும் பல்சக்கரமும் வலது பக்கம் வெளியே தெரிந்தபடி நிற்கும். நீங்கள் தூக்கும்போது அந்தக் கருப்பு எண்ணெய் உங்கள் சுடிதாரிலும், ரயிலில் பக்கத்தில் நிற்கும் அக்காவின் புடவையிலும் அப்பும். பிராம்ப்டன் என்கிற லண்டன் கம்பெனியின் வண்டி மாதிரி சிலவற்றில் மட்டும் செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ளே போய்விடும். வெளியே நிற்கும் வகை என்றால் இரண்டு விஷயம் அவசியம்: பல்சக்கரத்தை மூடும் வட்டத் தகடு, அது துப்பட்டாவும் பேன்ட்டும் சிக்காமல் காக்கும், அப்புறம் ஒரு துணி உறை. உறைக்குக் கடையில் கேட்கும் விலை அநியாயம். மடக்கிய அளவை எடுத்துக்கொண்டு போய் உங்கள் தையல்காரரிடம் பழைய ரெக்ஸின் துணியில் அடியில்லாத பை மாதிரி தைக்கச் சொல்லுங்கள், மேலிருந்து கவிழ்த்துப் போடுவது, ஹேண்டில் போக ஒரு ஓட்டை. என்னுடையது அப்படித் தைத்ததுதான். உறை போட்டுவிட்டால் பெட்டிக்குள் அது ஒரு மூட்டை, யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

சட்டம் தாழ்வாக இருப்பதால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, சுடிதாருக்கு இதைவிட வசதியான சைக்கிள் கிடையாது. சீட்டை மட்டும் கூச்சப்படாமல் உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரியான உயரம். தாழ்த்தி வைத்து ஓட்டினால் ஒரே மாதத்தில் முட்டி வலி வரும். சீட் குழாயில் உங்கள் உயரத்துக்கு ஒரு கோடு கீறி வைத்தால் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம்.

பறக்கும் ரயில் நிலையங்கள் உயரம், படிக்கட்டு நீளம், அதனால் மேலே குரோம்பேட்டைக்காரருக்குச் சொன்ன சிலிண்டர் சோதனை உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். லிஃப்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, நீங்கள் கடலோரம். உப்புக் காற்று செயினையும் ஸ்போக்ஸையும் கீல் போல்ட்டையும் வருடத்துக்குள் தின்றுவிடும். வாரம் ஒரு தடவை பழைய பனியன் துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு என்று எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் மணல் ஒட்டும்.

திருமங்கலத்தில் மெட்ரோ ஏறுகிறேன். உள்ளே விடுவார்களா? பிராம்ப்டன் வாங்கினால் பிரச்சினையே இல்லை என்கிறார் நண்பர். (வாசகர், அண்ணா நகர்)

ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் வாங்குவதற்கு முன்பே நேரில் கேளுங்கள், போனில் வேண்டாம். கேட்கும்போது மடக்கிய அளவைச் சொல்லிக் கேளுங்கள், ‘சைக்கிள் கொண்டுவரலாமா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அப்படியே ஒரு இன்ச் டேப் கொண்டுபோய், பையை ஸ்கேன் செய்யும் இயந்திரத்தின் வாய் அகலத்தை அனுமதி கேட்டு அளந்துகொள்ளுங்கள். வண்டியைப் படுக்க வைத்தால் அதற்குள் போகுமா என்பதுதான் நடைமுறையில் உங்கள் கேள்வி.

நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பிராம்ப்டன் மடங்குவது வேறு மாதிரி, பின் சக்கரம் அடியில் சுருண்டு, முன் சக்கரம் பக்கத்தில் வந்து, கடைசியில் சீட்டை இறக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். நீளமும் உயரமும் அறுபது செ.மீ-க்கு முன்னே பின்னே, கனம் 27 செ.மீ. பழகியவர் இருபது நொடியில் மடக்குவார். ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் 1975-ல் லண்டனில் தன் வீட்டில் வைத்து அதைச் செய்ய ஆரம்பித்தார், ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கும் வைத்தார். இன்று வரை அடிப்படை மடிப்பு மாறவில்லை. ஆனால் இங்கே வந்து சேரும்போது விலை லட்சத்தைத் தாண்டும், டயர் நான் மேலே சொன்ன 349. திருமங்கலத்தில் இருந்து தினமும் இரண்டு கிலோமீட்டர் மிதிப்பதற்கு அவ்வளவு பணம் வேண்டாம் என்பது என் எண்ணம். அதே வகையில் மூன்று மடிப்பாக மடங்கும் 16 இன்ச் வண்டிகள் குறைந்த விலையிலும் வருகின்றன, அவற்றில் கீல் எப்படி இருக்கிறது என்று பார்த்து எடுக்கலாம். கீல் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் ஒன்று 9,000-க்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (வாசகர், ஆவடி)

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். கீலைப் பாருங்கள், இரண்டு இடத்தில். சட்டத்தின் நடுவில் ஒன்று, ஹேண்டில் குழாயின் அடியில் ஒன்று.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம், எழும்பூரில் இறங்கி பாந்தியன் சாலையில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியபோது கையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் உணர்ந்தேன், காதில் கேட்கவில்லை. ஹேண்டில் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்திருந்தது. பிரேக்கைப் பிடித்து இறங்கிப் பார்த்தால், ஹேண்டில் குழாயின் பூட்டு மூடித்தான் இருக்கிறது, ஆனால் அதை இறுக்கிப் பிடிக்கும் திருகு நாளாக நாளாகத் தளர்ந்து, பூட்டு சும்மா பேருக்கு மூடியிருக்கிறது. அது தானாகத் திறக்காமல் தடுக்கும் இரண்டாவது கொக்கி அந்த மாடலில் வைக்கவே இல்லை. இன்னும் ஒரு பள்ளம் வந்திருந்தால் ஹேண்டில் மொத்தமாக மடங்கியிருக்கும், பின்னால் பஸ். அந்த வண்டியைப் பிறகு நான் ஓட்டவில்லை, வேறு யாருக்கும் விற்கவும் மனம் வரவில்லை.

அதனால் பூட்டை மூடும்போது கொஞ்சம் பலம் கேட்க வேண்டும், விரலால் தள்ளி மூடினால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி இரண்டு கீலிலும் இருக்க வேண்டும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கீலில் விரல் வைத்துப் பாருங்கள், அசைவு தெரியக் கூடாது. அப்புறம் நடுக் கீலின் வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி கோடு ஏதாவது போகிறதா என்று போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத்தில் அந்தக் கோடு இருந்தால் 9,000 இல்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். செயின், பிரேக் கட்டை, டயர் இதெல்லாம் போனால் போகட்டும், பாரிமுனை பக்கம் உதிரிபாகக் கடைகளில் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகும் இந்த ஆட்டிப் பார்க்கும் வேலையை ஒவ்வொரு தடவை விரித்த பின்னும் செய்யுங்கள். மூன்று நொடி ஆகும். நான் ஸ்டேஷன் வாசலில் இதைச் செய்யாமல் ஏறுவதே இல்லை.

எலெக்ட்ரிக் மடக்கு சைக்கிள் எப்படி? (வாசகர், மாதவரம்)

ஓட்ட அருமை. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கி.மீ-க்குள் என்றால் பதிவும் லைசென்சும் வேண்டாம். ஆனால் பேட்டரியோடு 18 முதல் 22 கிலோ. படிக்கட்டு உள்ள ஸ்டேஷன் என்றால் வேண்டாம். படியே ஏறாத வழி உங்களுக்கு இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

மாநகரப் பேருந்தில் ஏற்றலாமா? (வாசகி, போரூர்)

கூட்ட நேரத்தில் வேண்டாம். உங்களுக்கும் கண்டக்டருக்கும் நிற்கிறவர்களுக்கும் கஷ்டம். மதியம் காலி வண்டி என்றால் கேட்டு ஏறுங்கள், லக்கேஜுக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள்? (வாசகர், வேளச்சேரி)

வேளச்சேரிக்காரர் கேட்டால் விளையாட்டாகச் சொல்ல முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, தண்ணீர் தேங்கிய தெருவில் நான் ஓட்டுவதில்லை, இறங்கித் தள்ளுவதும் இல்லை, மடக்கிவிட்டு ஆட்டோ பிடிக்கிறேன். மூடியில்லாத சாக்கடை தண்ணீருக்கடியில் தெரியாது. 20 இன்ச் சக்கரம் அதில் முழுதாக இறங்கும். தூறலுக்கு இரண்டு மட்கார்டும் இருந்தால் போதும், மட்கார்டு இல்லாத மாடலை சென்னையில் வாங்கவே வாங்காதீர்கள், முதுகு முழுக்கச் சேறாகத்தான் ஆபீஸ் போவீர்கள். அச்சு மட்டத்துக்குத் தண்ணீரில் ஓட்டிவிட்டால் அந்த வாரமே இரண்டு சக்கர அச்சையும் பெடல் அச்சையும் பிரித்து கிரீஸ் போடச் சொல்லுங்கள், தள்ளிப்போட்டால் பால்ரஸ் துருப்பிடித்துக் கரகரக்கும்.

எனக்கு 61 வயது. மாம்பலத்தில் இறங்கி தி.நகரில் கடைக்குக் கணக்கு எழுதப் போகிறேன். மகன் மடக்கு சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளட்டுமா? (வாசகர், திருநின்றவூர்)

ஐயா, வேண்டாம் என்றே சொல்கிறேன். திருநின்றவூரில் இருந்து மாம்பலம் என்றால் நீங்கள் சென்ட்ரல் பக்கம் இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கு மாற வேண்டும், அந்த மாற்றத்தில் சுரங்கப்பாதைப் படி, ரயில் கூட்டம், கையில் 13 கிலோ. மகன் செலவழிக்க நினைக்கும் பணத்தில் சாதாரண சைக்கிள் இரண்டு வாங்கலாம். ஒன்று வீட்டுக்கும் திருநின்றவூர் ஸ்டேஷனுக்கும், அங்கே ஸ்டாண்டில் மாத டோக்கன் போட்டு விடலாம். இன்னொன்று மாம்பலம் பக்கம், உங்கள் கடையிலேயே ராத்திரி உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், முதலாளி மறுக்க மாட்டார். மாலையில் ஸ்டேஷன் வரை அதை ஓட்டி வந்தால் அங்கே விட வேண்டியிருக்குமே என்று யோசிப்பீர்கள். கடையிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் நடக்கிற தூரம் என்றால் அந்த இரண்டாவது சைக்கிளே தேவையில்லை. எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.